கிளட்ச் இல்லாத வண்டி

— ஏழாவது ஷோரூமுக்கு நான் வரமாட்டேன்ப்பா. இதுக்கு மேல என்னால முடியாது.

— ஏட்டி ஜெயா, ஒரே ஒரு எட்டுதானே. டான்குனியில ஒருத்தன் டீசல் வண்டியா நிறுத்தி வச்சிருக்கானாம். பார்த்தசாரதி சொன்னான். பாத்துட்டு வந்துருவோம், பொறவு நீ சொல்லுதபடி கேக்கேன்.

— பார்த்தசாரதி மாமா ரயில்வேல கிளார்க். அவரு ஜென்மத்துல ஓட்டுனது ஒரு சைக்கிள். அவரு பேச்ச கேட்டு நாம இஞ்சின் தேடணுமா?

— எடுத்தெறிஞ்சு பேசாத. அவன் சாந்த்ராகாச்சி யார்டுல எத்தன டீசல் இஞ்சின பாத்தவன் தெரியுமா?

— அது ரயில் இஞ்சின்ப்பா. நமக்கு இட்லி மாவு டிரம் ஏத்த ஒரு குட்டியானை வேணும். அவ்வளவுதான். ராணுவத்துக்கா வாங்குறோம்?

— இந்தாருங்க, உளுந்து ஊறிட்டு. கிரைண்டரப் போடட்டுமா? போட்டா நீங்க பேசுதது காதுல விழாது.

— செத்த இரு ராஜி. இவ ஒரு முடிவுக்கு வரட்டும்.

— நான் முடிவுக்கு வரணுமா? அம்மா, கேட்டியா? மூணு மாசமா அலையவிட்டுட்டு இவரு சொல்றத பாரு. அப்பா, ரோஹித் இன்னும் கொஞ்ச நேரத்துல ஷோரூம பூட்டிருவான். எந்த இஞ்சின்னு இன்னைக்குச் சொன்னாதான் நவராத்திரி பூஜைக்கு முன்னாடி வண்டி கைக்கு வரும். இல்லன்னா காளி பூஜையும் தாண்டிரும். பூஜை நாள்ல வாடகை வேன்காரன் வருவானா? அவன் பொண்டாட்டி புள்ளையோட பந்தல் பாக்கப் போயிருவான். லேக் மார்க்கெட்காரங்க மாவுக்கு என்ன பண்ணுவாங்க? வேற ஆள பாத்துக்குவாங்க. ஏற்கெனவே பவானிபூர்ல ரெண்டு கடை போயாச்சு.

— போனவன் போவட்டும். நம்ம மாவு ருசி கண்டவன் திரும்பி வருவான்.

— சரி, கடை திரும்பி வரும். என் வேலை திரும்பி வருமா? தினம் விடியறதுக்கு முன்னாடி அந்த வேன்ல டிரம்முக்கு நடுவுல உக்காந்துட்டு ஆத்துப் பாலம் தாண்டிப் போறேன். ஒவ்வொரு கடையிலயும் மாவு அளந்து ஊத்துறேன். அப்புறம் பஸ் புடிச்சு சால்ட் லேக் ஆபீஸ் போறேன். கையெல்லாம் மாவு வாசம். லிஃப்ட்ல நிக்கறவங்க மூக்க சுளிக்கறாங்க. மேனேஜர் நேத்து கூப்பிட்டுச் சொல்லிட்டாரு, இந்த மாசத்தோட லேட்டா வர்றத நிறுத்து, இல்லன்னா நீயே நின்னுக்கன்னு. இதுல பொய் ஒண்ணும் இல்லப்பா. வண்டி வரலன்னா என் வேலை போயிரும்.

— எனக்கு முட்டி ஆப்பரேஷன் ஆவலன்னா ஒன்ன ஏன் அனுப்பப் போறேன்? நானா ஆசப்பட்டு கத்தி வச்சேன்?

— யாரும் உங்கள குத்தம் சொல்லல. இஞ்சின மட்டும் சொல்லுங்கன்னுதான் கெஞ்சறேன். வாங்க, மறுபடி மொதல்லேர்ந்து பாப்போம். கேஸ் வண்டி. வேணுமா வேண்டாமா?

— வேண்டாம். சிலிண்டர வைக்க எடம் போயிரும். கேஸ் பங்க்குல காலைல நிக்கிற வரிசைய பாத்திருக்கியா? நான் மாவ எறக்குவேனா, கேஸுக்கு நிப்பேனா?

— கரெக்ட். நானும் அதான் சொன்னேன். கேஸ் அடிச்சாச்சு. பெட்ரோல்?

— குடிகாரப் பய. ஊத்த ஊத்த குடிப்பான்.

— அதுவும் அடிச்சாச்சு. பாருங்க, நமக்குள்ள சண்டையே இல்ல. மிச்சம் டீசலும் பேட்டரியும். அப்பா, நம்ம ரூட் என்ன? வீட்டுலேர்ந்து கோனா ரோடு, பாலம், பவானிபூர், லேக் மார்க்கெட். திரும்பி வர்றப்போ கோனா ரோட்டுல ஜாம். நின்னு நின்னு ஊர்ந்து போறது. இப்போ வர்ற டீசல் வண்டியில புகைய வடிகட்ட ஒரு டப்பா இருக்கு. வண்டி ஊர்ந்துக்கிட்டே இருந்தா அது அடைச்சுக்கும். அப்புறம் ஹைவேல கொண்டுபோய் விரட்டி ஓட்டி அத எரிக்கணும். மாவு வண்டிய எடுத்துக்கிட்டு வாரா வாரம் கரக்பூர் போவீங்களா?

— போனா என்ன, கரக்பூர்லயும் நம்ம ஆளுவ இருக்காவ. அங்கனயும் இட்லி திம்பாவ.

— சே. உங்ககிட்ட பேசறதும் செவுத்துகிட்ட பேசறதும் ஒண்ணு.

— பேட்டரி வண்டிக்கு இழுவை கெடையாதுட்டி. பாலம் ஏறணும்ல்லா. முழு லோடோட ஏறும்போது பாதியில நின்னுட்டா, பின்னால வார லாரிக்காரன் எங்கம்மைய இழுத்துப் பேசுவான்.

— இழுவை பேட்டரி வண்டிக்குத்தான் ஜாஸ்தி. காலு வச்ச உடனே இழுக்கும். ரோஹித் நம்மள பாலத்துக்கே கூட்டிட்டுப் போய் காட்டினானே. முந்நூறு கிலோ அரிசி மூட்டைய ஏத்திவச்சு, நீங்களே பக்கத்துல உக்காந்து பாத்தீங்களே. ஏறுச்சா இல்லியா?

— ஏறுச்சு. ஆனா சத்தமே இல்லியே. ஏறுதா எறங்குதான்னு எப்படித் தெரியும்?

— கண்ணாடி வழியா வெளிய பாத்தா தெரியும்ப்பா.

— ஜெயா, அப்பாட்ட மெதுவா பேசு. வீட்டு ஓனரு பெரியவரு, ஜெட்டு, கீழ கேட்டுக்கிட்டு இருப்பாரு.

— கேக்கட்டும்மா. அவருகிட்டயும் பேசிட்டேன். 'பேட்டரி வண்டிய சார்ஜ் போட்டா வீட்டுக்கார ஜெட்டு விடமாட்டாரு'ன்னு அப்பா சொன்னாரு. நான் போய்க் கேட்டேன். அவரு, 'தனி மீட்டர் வச்சுக்கோ மா, எனக்கென்ன'ன்னுட்டாரு. உடனே அப்பா, 'கிரைண்டர் ஓடுறப்போ ஃப்யூஸ் போகும்'னாரு. எலெக்ட்ரிசியன கூட்டிட்டு வந்து காட்டினேன். தனி லைன்ல போகாதுன்னான். உடனே, 'மழைக்குத் தண்ணி நிக்குமே, ஷாக் அடிக்குமே'ன்னாரு. போன வாரம் மழையில முட்டியளவு தண்ணியில யாரோட பேட்டரி ஆட்டோ போச்சு? டோட்டோக்காரன் ஹாரன் அடிச்சிக்கிட்டு ஜம்முனு போனான். டீசல் வண்டி எல்லாம் பொணமா நின்னுச்சு. அத பாத்துட்டு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

— என்ன சொன்னேன்?

— 'டோட்டோக்காரனுக்கு நேரம் நல்லா இருக்கு'ன்னீங்க.

— இருந்துச்சுல்லா.

— அம்மா, இவர என்ன பண்றது?

— என்னைய கேக்காத. எனக்கு உளுந்து கழுவ கெடக்கு.

— ஏட்டி, நான் வண்டி ஓட்டத் தொடங்கும்போது நீ பொறக்கல. ஒனக்கு மொபைல்ல பாத்துச் சொல்லத் தெரியும். எனக்கு வண்டியில உக்காந்தா தெரியும். அந்த ரோஹித் பயலும் அப்படித்தான். 'பிக்கப் எப்படி தம்பி'ன்னு கேக்கேன். 'பிக்கப் கெடையாது, நீங்கதான் ஷோரூம் வந்து எடுத்துக்கிடணும்'ங்கான். இழுவைய பிக்கப்னுதானே சொல்லுவோம்? பிக்கப் வண்டி விக்கவனுக்குப் பிக்கப்னா என்னன்னு தெரியல. அவன நம்பி நான் கையெழுத்துப் போடணுமாக்கும்.

— அவனாவது தெரியாம சொன்னான். பாராசத் ஷோரூம்காரன் என்ன பண்ணினான்? கேள்வி கேக்கறது நான். பதில் சொல்றது உங்களுக்கு. ஒரு சார்ஜுக்கு லோடோட எவ்வளவு தூரம் போகும்னு கேட்டேன். உங்க மூஞ்சிய பாத்து, மாமா முறை வச்சு, 'மெசோமஷாய், பையன் இருந்தா கூட்டிட்டு வாங்க, டெக்னிக்கல் விஷயம் பேசிருவோம்'ங்கறான். நீங்க என்ன சொன்னீங்க?

— பையன் இல்லன்னு சொன்னேன். உள்ளதத்தானே சொன்னேன்.

— பையன் இல்லன்னு சொன்னீங்க. 'இந்தா நிக்கறாளே, இவகிட்ட பேசு'ன்னு சொல்லல. அந்த ஆளு ரொம்பப் பாவமா பாத்து உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தான். எனக்குக் குடுக்கல.

— அந்த டீயில பாதிய நான் ஒனக்குத் தந்தேன்.

— உங்க டீ எனக்கு வேணாம்ப்பா. சரி, அது போகட்டும். இன்னொண்ணு கேக்கறேன். இதுக்கு மட்டும் ஒழுங்கா பதில் சொல்லுங்க. எல்லா ஷோரூம்லயும் நீங்க ஏன் செருப்ப கழட்டி வச்சுட்டுப் பின்னாடி லோடு வைக்கிற எடத்துல ஏறுறீங்க? முட்டி வலியோட, ரெண்டு பேரு தூக்கிவிட்டு ஏறுறீங்க. ஏறி, தரையில உள்ளங்கைய வச்சுக்கிட்டு கண்ண மூடி உக்காந்துர்றீங்க. இஞ்சின அணைக்காம ஓடவிடச் சொல்றீங்க. நீங்க சாமி கும்பிடறீங்கன்னு நெனச்சு ஒருத்தன் ஊதுவத்தி கொண்டாந்துட்டான். எனக்கு எங்கயாவது போயி முட்டிக்கலாம்னு இருந்துச்சு.

— அது சும்மா.

— சும்மா இல்ல. பேட்டரி வண்டியில மட்டும் ரொம்ப நேரம் உக்காந்திருந்தீங்க. எறங்கி வந்து மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு, 'இது ஆவாது'ன்னீங்க. என்ன ஆவாது? எத தொட்டுப் பாத்தீங்க?

— விடுட்டி.

— விடமாட்டேன். என் வேலை போகப் போகுது. எனக்குத் தெரியணும்.

— சூடு.

— என்ன?

— சூடு பாத்தேன். தரையில சூடு வருதான்னு பாத்தேன். இப்போ திருப்தியா?

— சூடு எதுக்கு?

— ஏட்டி, மார்கழி தையில இந்த ஊரு குளுருல எவன் மாவு பொங்குது? பவானிபூர்ல அரைக்கானே அவன் மாவு கல்லு மாதிரி கெடக்கும். சுட்டா தோசை வெள்ளையா வரும். நம்ம மாவு மட்டும் தை மாசத்துலயும் நுரைச்சு நிக்கும். லேக் மார்க்கெட்டே சொல்லும். காரணம் என்ன? நம்ம பழைய டீசல் வண்டி. சைலன்சர் குழாய் லோடு வைக்கிற எடத்துக்கு அடியில ஓடும். தரை இதமா சுடும். கோனா ரோட்டு ஜாமுல நிக்க நிக்க மாவு பழுக்கும். பாலம் தாண்டும்போது பொங்கியிருக்கும். அடுப்பங்கரையில அரைபட்ட மாவு வண்டியிலதான் மாவாவுது. இது யாருக்கும் தெரியாது. தொழில் ரகசியம். வண்டிய நொறுக்கப் போட்டப்போ நான் அழுதேன்னு நீ கேலி பண்ணினல்லா. வண்டிக்கா அழுதேன்? அந்தத் தரைக்கு அழுதேன். பேட்டரி வண்டித் தரை பொணம் மாதிரி ஜில்லுன்னு கெடக்கு. அதுல ஏத்துனா மாவு செத்துரும்.

— அப்பா.

— என்ன?

— மூணு மாசம். மூணு மாசமா பாலம் ஏறாது, ஷாக் அடிக்கும், ஃப்யூஸ் போகும். நான் மைலேஜ் பாத்தேன், பேட்டரி வாரண்டி பாத்தேன், லோடு பாத்தேன், ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் பாத்தேன். நீங்க மாவுக்கு ஹீட்டர் தேடியிருக்கீங்க.

— ரகசியத்த எல்லாத்துட்டயும் சொல்ல முடியுமா?

— நான் எல்லாரும் இல்லப்பா. உங்க மக.

— நீ வாய் வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்ட. ஆபீஸ்ல சொல்லுவ.

— ஆபீஸ்ல போய் சைலன்சர்ல மாவு பொங்குதுன்னு சொல்லுவேனா நான்? அப்படின்னா என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க என்னைப் பத்தி?

— இந்தாருங்க, நான் ஒண்ணு சொன்னா கோவப்படமாட்டீயளே.

— நீ வேற என்ன ராஜி?

— அந்த வண்டித் தரை துருப்புடிச்சு ஓட்டை விழுந்துட்டுன்னு நீங்கதான தடிப் பலகையா வாங்கி அடிச்சீய? பலகைக்கு மேல ரெண்டு சாக்கு வேற விரிச்சீய. ஜெயா அப்போ பள்ளிக்கூடம் போயிக்கிட்டு இருந்தா. அன்னையிலேர்ந்து எந்தச் சூடு மேல வந்துச்சு?

— வந்துச்சே. மாவு பொங்குச்சே.

— பொங்கத்தான் செய்யும். குளுரு காலத்துல உளுந்த நான் வெதுவெதுன்னு வெந்நியில ஊறப்போடுவேன். மொத நாள் மாவுல ஒரு சட்டி எடுத்து வச்சுக் கலப்பேன். டிரம்ம ரஜாய்ப் போர்வையால சுத்தி அடுப்புப் பக்கத்துல வைப்பேன். ரெண்டு தடவ எந்திரிச்சுத் தொட்டுப் பாப்பேன். நீங்க வந்து ஏத்தும்போது மேல ரஜாய எடுத்துருவேன், அவ்வளவுதான். வண்டி ஏறும்போதே அது முக்கால்வாசி பொங்கித்தான் இருக்கும்.

— நெசமாவா?

— நெசந்தான். மூணு மாசமா வாடகை வேன்ல போவுதே, ஆட்டம் போட்டுக்கிட்டுத்தானே போவுது. மாவு மோசம்னு எந்தக் கடைக்காரனாவது சொன்னானா? நேரத்துக்கு வரலன்னுதான சொல்லுதான்.

— இத ஏன் எங்கிட்ட இத்தன வருஷம் சொல்லல?

— வாரவன் போறவங்கிட்டல்லாம், எங்க வண்டி மாவப் பழுக்க வைக்கும்னு சொல்லிச் சிரிப்பீய. பார்த்தசாரதி அண்ணன்ட்ட சொல்லும்போது ஒங்க மூஞ்சியே அப்படி இருக்கும். எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.

— பார்த்தசாரதி மாமாவுக்கும் தெரியுமா? அப்போ என்னப்பா தொழில் ரகசியம்? எனக்கு மட்டும்தான் ரகசியமா?

— அவன் சின்ன வயசுலேர்ந்து கூட்டாளி.

— சரி. நான் கத்தல. இந்தா, தண்ணி குடிச்சுக்கறேன். இப்போ சொல்லுங்க. சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேட்டரி வண்டி எடுக்கலாமா?

— எடுப்போம்.

— என்ன சொன்னீங்க?

— எடுப்போம்னேன். நீ சொன்னது எல்லாம் யோசிச்சுப் பாத்தேன். நல்ல வண்டிதான். கிளட்ச் மிதிக்க வேண்டாம். கியர் போட வேண்டாம். ஒரு பொத்தானத் திருகினா போவுது. சின்னப் புள்ள கூட ஓட்டலாம்னு நீதானே சொன்ன.

— ஆமா. அதான்ப்பா. ஜாம்ல கிளட்ச் மிதிச்சு மிதிச்சு டிரைவருக்கெல்லாம் கால் போயிருது. இதுல அந்தக் கஷ்டம் இல்ல. எந்த டிரைவரும் சந்தோஷமா ஓட்டுவான்.

— டிரைவர் எதுக்கு? காலைல நீ எடுத்துட்டுப் போ. லேக் மார்க்கெட்ல எறக்கிட்டு, வண்டியிலயே நேரா ஆபீசுக்குப் போயிரு. பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம். சாயங்காலம் வரும்போது காலி டிரம்ம எடுத்துட்டு வந்துரு. லைசென்ஸ் வச்சிருக்கல்லா.

— விளையாடறீங்களா?

— இதுல என்ன வெளையாட்டு? எனக்கு வலது முட்டி. பிரேக்கு மிதிக்கக் கூடாது, வருஷம் முழுக்க ஸ்டியரிங் பக்கம் போவக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஒனக்கு முன்னாலதான. வேற யாரு ஓட்டுவா?

— டிரைவர் வைப்போம். ரோஹித்தே ஆள் பாத்துத் தரேன்னான்.

— வெளியாளா? மொத ஆப்பரேஷன் ஆனப்போ ஒருத்தன வச்சோம். ஞாபகம் இருக்கா? டிரம்மோட கொண்டுபோய் இன்னொரு கடைக்கு வித்துட்டு, 'மாவு கொட்டிட்டு அண்ணே'ன்னான். தொழிலே போயிருக்கும். வீட்டு ஆளு ஓட்டுனாத்தான் சரி.

— அப்படின்னா டீசலே எடுங்க.

— ஏட்டி.

— டீசல் எடுங்கப்பா. நல்ல இழுவை. சத்தம் வரும், ஏறுதா எறங்குதான்னு தெரியும். கரக்பூர் போய்ட்டு வரலாம். எனக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியாது.

— புகை டப்பா அடைச்சுக்கும்னு சொன்னியே.

— அடைக்கட்டும்.

— மழைத் தண்ணியில டோட்டோக்காரன் ஜம்முனு போனாம்னியே.

— அவனுக்கு நேரம் நல்லா இருந்துச்சு.

— இப்போ யாரு செவுரு மாதிரி பேசுதா?

— அப்பா, நான் சிரிக்கல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். கூடத்துல என் பட்டமளிப்பு போட்டோவ கதவளவுக்குப் பெருசு பண்ணி மாட்டியிருக்கீங்களே, எதுக்கு? வர்றவங்க எல்லாருக்கும் காட்டுறீங்க. எங்க வம்சத்துல மொத டிகிரின்னு. அந்தப் பொண்ணுதான் காலைல மாவு டிரம் தூக்கப் போறா, அவதான் வண்டியும் ஓட்டணும், ஆபீஸும் போகணும், திரும்பி வர்றப்போ காலி டிரம்மும் கொண்டு வரணும். பையன் இல்லன்னு ஷோரூம்ல சொன்னீங்களே, அது பொய். இந்த வீட்ல பையன் வேலை எல்லாம் நான்தான் செய்யறேன். பேரு மட்டும்தான் எனக்கு இல்ல.

— அந்த மாவுதானட்டி ஒன்னப் படிக்க வச்சுது.

— தெரியும். தெரியாமலா மூணு மாசமா வேன்ல போறேன்? அதுக்குன்னு ஆயுசு முழுக்கப் போகணுமா? மாவு என்னைப் படிக்க வச்சது, மறுபடி மாவுக்கே திரும்பி வர்றதுக்கா? நீங்க வண்டிக்கு இஞ்சின் தேடலப்பா. வீட்லயே டிரைவர் இருக்கான்னு வச்சுக்கிட்டு, அவளுக்குத் தெரியாம அவளையே கூட்டிக்கிட்டு அலைஞ்சிருக்கீங்க.

— நான் அப்படி நெனைக்கல. பொங்கலுக்குள்ள கால் நேராயிரும், நானே ஓட்டிருவேம்னுதான் இழுத்துக்கிட்டே இருந்தேன். நீ சொன்னா நம்பமாட்ட. போன வாரம் காலி வேன்ல ஏறி பிரேக்கு மிதிச்சுப் பாத்தேன். காலு கீழ போச்சு, மேல வரல.

— எங்கிட்ட சொல்லலியே.

— சொன்னா நீ டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவ. அவன் இன்னும் ஒரு வருஷம்பான்.

— ஜெயா, ஒன் போனு அடிக்கி.

— ரோஹித்தான். பூட்டப் போறான்போல. அப்பா, என்ன சொல்ல? நான் ஓட்டமாட்டேன். அது முடிவு. வெளியாளுக்கு நீங்க ஒத்துக்கமாட்டீங்க. அப்புறம் எந்த இஞ்சின் வந்து என்ன? வண்டி வாசல்ல நிக்கும், நாம சுத்தி உக்காந்து வேடிக்கை பாப்போம். எடுக்கலன்னே சொல்லிர்றேன்.

— இந்தா, அத எங்கிட்ட குடு. கை ஈரமா இருக்கு, அந்தப் பொத்தான நீயே அமுக்கு. ஹலோ, ரோஹித்? ஆமி ஜோயார் மா போல்ச்சி. பேட்டரிடாய் நேபோ. ஹ்யா, பாக்கா. காலைல வாரோம்... காலைல, ஷொகாலே. ஆச்சா.

— என்ன ராஜி சொன்ன அவன்ட்ட?

— பேட்டரி வண்டியே எடுத்துக்கிடுதோம், இதான் முடிவுன்னு சொன்னேன். பூஜைக்கு முன்னாடி தந்துருவானாம்.

— அம்மா, நான் இவ்வளவு நேரமா தொண்டை கிழிய என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன்? நான் ஓட்டமாட்டேன்.

— ஒன்ன யாரு ஓட்டச் சொன்னா?

— அப்போ யாரு? அப்பா காலு மேல வரலங்கறாரு.

— மாடிவீட்டு மிதாலி பௌதி காரு கிளட்ச் இல்லாத காருதான. அவ எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தா. மொதல்ல ஒரு டிரைவிங் பள்ளிக்கூடத்துல சேந்தேன், அங்கன இருந்த காருல கிளட்சு மிதிக்கணும். எனக்கு அது ஒத்துவரல, முக்குக்கு முக்கு நின்னுபோச்சு. அதான் பேட்டரி வண்டின்னதும் எனக்கு நல்லதா பட்டுச்சு. லைசென்ஸ் போன வாரம் வந்துட்டு.

— எப்பம்மா? எப்போ இதெல்லாம் பண்ணின?

— நீங்க ரெண்டு பேரும் ஷோரூம் ஷோரூமா போனீயல்லா. வீட்ல வேற யாரு இருக்கா? மத்தியானம் சும்மாதான இருந்தேன்.

— ராஜி, கோனா ரோட்டுல லாரிக்காரன் எப்படி வருவான்னு ஒனக்குத் தெரியாது. பாலம் ஏறணும்.

— ஏறிட்டேன். ரெண்டு மட்டம் அக்கரை போயிட்டு வந்தேன். பௌதி பயந்தா, நான் பயப்படல.

— எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லம்மா.

— நீ என்னைய கேட்டியா? மைலேஜு, வாரண்டி, இழுவைன்னு அத்தனையும் பாத்த. அவரு தரையத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. இத்தன வருஷமா அரைக்கேன், என் மாவு எறங்குத ஒரு கடை வாசல நான் கண்ணால பாத்ததில்ல. அத ரெண்டு பேருல ஒருத்தரும் கேக்கல.

— அது சரி ராஜி. நீ விடிகாலையில வண்டியில போயிட்டா, இங்கன மாவ யாரு ஆட்டுவா?

— நீங்க ரெண்டு பேருந்தான். நான் பாலம் தாண்டித் திரும்பி வாரதுக்குள்ள அடுத்த ஈட்டு உளுந்தக் கழுவி வைங்க.